சோடிக்காப்பு

மாரிக்கனி துடிக்க வேண்டும். மூன்று வருஷமாகக் கோமதி கேட்டது இது ஒன்றைத்தான். வேலையை விட்டுத் தூக்குங்கள் என்றோ, ஜெயிலில் போடுங்கள் என்றோ அவள் எந்த மனுவிலும் எழுதவில்லை. ஜெயிலில் போட்டால் என்ன ஆகிவிடும்? வேளாவேளைக்குச் சோறு கிடைக்கும், நாலு பேர் பேச்சுத் துணைக்கு இருப்பார்கள். "எம் பிள்ளை பட்ட பாட்ட அவ படணும். அணு அணுவாப் படணும். அதை நான் கண்ணால பாக்கணும்" என்று வக்கீலிடம் சொன்னாள். வேறு காலமாக இருந்தால் வக்கீல், பாவம் என்று தட்டிக்கொடுத்து அனுப்பியிருப்பார். இவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "அதுக்கும் இப்ப சட்டம் இருக்கும்மா" என்றார்.

சட்டத்தைச் சொல்வதற்கு முன்னால் காப்பைச் சொல்லிவிட வேண்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. காதில் சீழ் வைத்த பிள்ளை வயிற்றைத் தொட்டுக் காட்டும். பெற்றவள் பல்லு முளைக்குது என்பாள், மாமியார்க்காரி உரம் விழுந்திருக்கு என்பாள், நடுவில் கிடந்து பிள்ளை அலறும். இந்தக் கண்ணாமூச்சிக்கு முடிவுகட்ட வந்ததுதான் அந்தப் பட்டை. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் வாயில் நுழையாது. ஜனங்கள் சோடிக்காப்பு என்றார்கள். ஒன்றைப் பிள்ளையின் கையில் மாட்டுவார்கள், அதன் சோடியை டாக்டர் தன் கையில் மாட்டிக்கொள்வார். பிள்ளைக்கு எங்கே வலிக்கிறதோ அங்கே டாக்டருக்கும் வலிக்கும். பசித்தால் பசிக்கும், பயந்தால் வயிறு கலங்கும்.

வந்த புதிதில் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். ஆனால் காலையிலிருந்து ஒரு வார்டுப் பிள்ளைகளின் வலியை எல்லாம் தன் உடம்பில் வாங்குகிற மனுஷன் சாயங்காலம் வீட்டுக்குப் போய் எப்படிச் சோறு தின்பான்? மெல்ல மெல்ல ஒரு வழக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. பிள்ளை கையில் காப்பு ஏறும், சோடி சுவரில் ஆணியில் தொங்கும். பிள்ளை படுவதெல்லாம் உள்ளே பதிந்துகொண்டே இருக்கும். வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இருக்காது. எந்த ஆஸ்பத்திரியிலும் இதுதான் நடந்தது, எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை.

கோமதியின் மகள் பவிஷாவுக்கும் அப்படித்தான் மாட்டினார்கள்.

கோமதி திருநெல்வேலிப் பக்கம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். டிரைவர் இல்லாத பஸ் வந்து வெகுநாளாயிற்று. கண்டக்டர் இல்லாத பஸ்ஸை மட்டும் இன்னும் எவனாலும் விட முடியவில்லை. நம் ஜனங்களைப் படியிலிருந்து உள்ளே தள்ளுவதற்கு ஒரு மனுஷ வாய் வேண்டியிருக்கிறது, கோமதிக்கு அந்த வாய் இருந்தது. புருஷன் இசக்கிராஜா காற்றாலையில் வேலை. பிள்ளைக்கு இரண்டரை வயசு.

அன்றைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. கோமதி யூனிபாரத்தோடேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளுக்கான பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். சீட்டு எழுதுகிறவன் பேர் கேட்டான், வயசு கேட்டான், எடை கேட்டான். "பதினொண்ணு. போன வாரந்தான் அங்கன்வாடியில எடை போட்டாவ" என்றாள். வார்டில் ஊசி போட்டார்கள். வலிப்பு நின்றது, மறுபடி வந்தது. இரண்டாவது ஊசி. கோமதி பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு "பவி, பவி" என்று கத்திக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நர்ஸ் மாரிக்கனி, "எம்மா, வெளிய நில்லுங்க. உங்க கூப்பாட்டுல எனக்குக் கை ஓடல" என்று அவளைத் தோளைப் பிடித்துத் தள்ளி வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாள். கோமதி கதவைத் தட்டினாள், உதைத்தாள், "அம்மா இங்கதான் இருக்கேன், அம்மா இங்கதான் இருக்கேன்" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கதவு திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வலிப்பை நிறுத்துகிற மருந்து அளவு மீறிப் போனால் மூச்சையும் நிறுத்திவிடும் என்று யாரோ யாரிடமோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் வார்டு டாக்டர் விஷ்வேஷ் வீடு தேடி வந்தார். செருப்பைத் தெருவிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்து வெறும் தரையில் உட்கார்ந்தார். "நான் சொன்ன அளவைப் பிள்ளை தாங்கலம்மா. என்னை மன்னிச்சிருங்க" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். பக்கத்து வீட்டுக்காரி அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்துத் தேற்றி அனுப்பினாள்.

மாரிக்கனி வரவில்லை. கோமதியே வார்டுக்குப் போய் வாசலில் நின்று, "என் பிள்ளையக் கொன்னுட்டு இன்னும் ஊசிய எப்படிட்டி கையில பிடிக்கே?" என்று மானாவாரியாகத் திட்டினாள். மாரிக்கனி அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த பிள்ளையின் கட்டிலுக்குப் போய்விட்டாள். ஒரு வார்த்தை இல்லை, கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கோமதி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பார்வை பின்னாலேயே வந்தது. இவளை விடக்கூடாது என்று அன்றைக்கு முடிவுசெய்தாள்.

சட்டத்துக்குப் பேர் ஈடுணர்வுச் சட்டம். கவனக்குறைவால் ஒரு பிள்ளை செத்திருந்தால், பிள்ளையின் காப்பில் பதிந்த கடைசி நேரத்தை அதற்குக் காரணமானவர் கையில் மாட்டி உணரவைக்கலாம். பெற்றவர்கள் வேண்டாம் என்றால் தண்டனையை விட்டுவிட்டு, அந்தப் பதிவைத் தாங்களே மாட்டிக்கொள்ளலாம். ஏதாவது ஒன்றுதான்.

வீட்டில் சண்டை அங்கேதான் முளைத்தது. இசக்கிராஜா, "நாம மாட்டிக்கிடுவோம் கோமதி. எனக்கு அவ கடைசியா என்ன நினைச்சான்னு தெரியணும். அவ்வளவுதான்" என்றான்.

"எம் பிள்ளை செத்தத நீ உக்காந்து அனுபவிக்கப் போறியா?"

"பிள்ளை கூட ஒரு தடவ இருக்கப் போறேன். நம்மதான் உள்ள இல்லையே."

"யாரு உள்ள இருக்க விடல? அவ விடல. அவளுக்குத்தான் அது."

அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். கடைசியில், மனுவின் உரிமை முழுக்க மனைவிக்கே என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, கம்பம் பக்கத்துக் காற்றாலைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். போனவன் போனவன்தான். கோமதி அதற்காக உட்கார்ந்து அழவில்லை. அதற்கும் சேர்த்து மாரிக்கனி மேல் கோபத்தை ஏற்றிவைத்தாள்.

அந்தச் சட்டத்தை நடத்துகிற ஆணையத்தின் விசாரணைக்குச் சென்னையிலிருந்து ஹாஜிரா பானு என்கிற அதிகாரி வந்திருந்தார். அதட்டிப் பேசத் தெரியாத மனுஷி, ஆனால் எதையும் விடமாட்டார். ஒரு மேஜைக்கு இந்தப் பக்கம் கோமதி, அந்தப் பக்கம் டாக்டரும் மாரிக்கனியும். சீட்டு எழுதியவன் துபாய்க்குப் போய்விட்டிருந்தான்.

"பிள்ளையோட எடை என்னன்னு சொன்னீங்கம்மா?" என்று ஹாஜிரா பானு கேட்டார்.

"பதினொண்ணு."

"சீட்டுல பன்னிரண்டுன்னு இருக்கு. வார்டுல கட்டில் பலகைல பதினாலுன்னு இருக்கு. டாக்டர் சொன்ன மருந்து பதினாறு கிலோ பிள்ளைக்கான அளவு. எப்படி?"

மாரிக்கனிதான் பேசினாள். அவள் குரலைக் கோமதி மூன்று வருஷத்துக்கு அப்புறம் கேட்கிறாள்.

"பலகையில எழுதினது நான். ரெண்டு கூட்டி எழுதினேன்."

"ஏன்?"

"எங்க வார்டுக்கு வாற எந்தத் தாயும் பிள்ளை எடைய உள்ளபடி சொல்லமாட்டா மேடம். கண்ணு பட்டுரும்னு குறைச்சுத்தான் சொல்லுவா. கொழுகொழுன்னு இருக்கிற பிள்ளையக் காட்டி, எங்க சாப்பிடுதான் சிஸ்டர், எலும்பும் தோலுமா கிடக்கான்பா. தராசுல வைங்கன்னா மூஞ்சியச் சுளிப்பா. அதை நம்பி மருந்து குறைவாப் போயி, வலிப்பு நிக்காமலே போன பிள்ளைய நான் பாத்திருக்கேன். அதனால தாய் சொன்னதோட ரெண்டு கூட்டிக்கிடணும். நான் வேலைக்குச் சேந்த அன்னைக்கு எனக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாவ."

"டாக்டர், நீங்க?"

டாக்டர் விஷ்வேஷ் தலையைக் குனிந்துகொண்டார். "நானும்தான் மேடம். பலகைல இருக்கறது அம்மா சொன்ன எடைன்னு நினைச்சேன். மனசுக்குள்ள ரெண்டு கூட்டிக்குவேன். எல்லா டாக்டரும் செய்யறதுதான்."

"சிஸ்டர் ஏற்கெனவே கூட்டியிருப்பாங்கன்னு தெரியாதா?"

"தெரியாது."

"டாக்டர் கூட்டுவாருன்னு உங்களுக்கு?"

"தெரியாது மேடம்" என்றாள் மாரிக்கனி. "சீட்டு எழுதினவன் ஒண்ணு கூட்டுவாம்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியாது. இதெல்லாம் யாரும் வெளிய சொல்லிக்கிடுறதில்ல."

"பிள்ளைய நேரா எடை போட்டிருக்கலாமே?"

"தராசுக் கட்டில்ல வேற பிள்ளை கிடந்துச்சு. வெட்டி வெட்டி இழுக்கிற பிள்ளையக் கையில வச்சுக்கிட்டு அதுக்கு எங்க நேரம்?"

"ஆணியில காப்போட சோடி தொங்கிட்டிருந்துச்சு. யாராவது ஒருத்தர் மாட்டியிருந்தா மூச்சு அடங்கறது உடனே தெரிஞ்சிருக்கும். இல்லையா?"

"அப்ப நான் உள்ளதச் சொன்னதுதான் தப்பா?" என்று கோமதி மேஜையைத் தட்டிக் கேட்டாள். "பொய் சொல்லியிருந்தா எம் பிள்ளை பிழைச்சிருக்கும், அப்படித்தான? சொல்லுங்க மேடம். ஊரு உலகத்துல எல்லாத் தாயும் பொய் சொல்லுவா, நீயும் சொல்லியிருக்கணும், சொல்லாதது உன் குத்தம். அதத்தான சொல்ல வாரிய?"

ஹாஜிரா பானு எழுந்து வந்து அவள் முன்னால் தண்ணீர்க் கிளாஸை வைத்தார். அவள் அதைத் தொடவில்லை.

"குற்றம் மூணு பேர் மேலயும் இருக்குன்னுதான் நான் எழுதப்போறேன்" என்றார் ஹாஜிரா பானு. "ஆனா பதிவு ஒரே தடவைதான் ஓடும்மா. ஓடி முடிஞ்சதும் தானா அழிஞ்சிடும். முன்னாடி அழிக்காம வெச்சிருந்தாங்க. பிள்ளைங்க வலியை நகல் எடுத்து வித்துட்டாங்க. அதை வாங்கி மாட்டிப் பாக்கறதுக்கும் ஆள் இருந்தது, என்னத்தைச் சொல்ல. அதனால இப்ப ஒரு தடவை, ஒரே ஆள். அது நீங்களா, இவங்கள்ல ஒருத்தரா? நீங்கதான் சொல்லணும்."

"அதுல என்ன இருக்குன்னு முதல்லயே தெரிஞ்சுக்கிட முடியாதா?"

"திரையில கோடு ஓடும். அழுதாலும் கோடுதான், சிரிச்சாலும் கோடுதான். உள்ள என்னங்கிறது மாட்டினவங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

டாக்டர் விஷ்வேஷ் எழுந்து கைகூப்பினார். "அம்மா, எனக்கே கொடுங்க. நான் ஏத்துக்கறேன்" என்றார். நல்ல மனுஷன்தான், நடிப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் உலகத்தைப் பாருங்கள், கைகூப்பி நிற்கிறவனைத் தண்டிக்க யாருக்கு மனசு வருகிறது? வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து அழுதவர். கோமதியின் பார்வை அவரைத் தாண்டிப் போய் மாரிக்கனி மேல் நின்றது. அவள் கையைக் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவளுக்கு அழத் தெரியாது, மன்னிப்புக் கேட்கத் தெரியாது, கதவைச் சாத்த மட்டும் தெரியும்.

"இவளுக்கு" என்றாள் கோமதி.

மாரிக்கனி நிமிர்ந்து பார்த்தாள். "வேண்டாம். நீங்களே மாட்டிக்கிடுங்க" என்றாள்.

"பயமா இருக்கோ?"

"பயமாத்தான் இருக்கு. ஆனா அதுக்காகச் சொல்லல. அதுக்குள்ள உங்க பிள்ளை இருக்கா. அதத் தூக்கி எங்கிட்டக் குடுக்காதிய. பின்னால வருத்தப்படுவிய."

"எம் பிள்ளையப் பத்தி நீ பேசாத. நீ துடிக்கணும், நான் பாக்கணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

ஹாஜிரா பானு மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் கோமதி அதையேதான் சொன்னாள்.

தண்டனையைப் பக்கத்து அறையில் நிறைவேற்றினார்கள். நடுவில் கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் மாரிக்கனியைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்துக் காப்பை மாட்டினார்கள். இந்தப் பக்கம் கோமதி மூக்கு கண்ணாடியில் படுகிற மாதிரி நின்றாள். பல வருஷமாகத் தூங்காத கண். துடி, துடி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஆரம்பத்தில் மாரிக்கனி வெட்டி வெட்டி இழுத்தாள். பல் கிட்டித்தது. நாற்காலியின் கையைப் பிடித்த விரல்கள் வெளுத்துப் போயின. கோமதிக்கு நெஞ்சில் ஏதோ குளிர்ந்தது, உள்ளதை மறைப்பானேன். நல்லா வேணும், நல்லா வேணும் என்றாள்.

பிறகு இழுப்பு நின்றது. மாரிக்கனி மெதுவாகத் தளர்ந்து சாய்ந்தாள். அவளுடைய வலது கை தானாக நகர்ந்து சேலை முந்தானையைத் தேடிப் பிடித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அதன் ஓரத்தை வைத்து உருட்ட ஆரம்பித்தது. கோமதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பவிஷா தூக்கம் வரும்போது அப்படித்தான் செய்வாள். அம்மாவின் துணி ஏதாவது கையில் வேண்டும், ஓரத்தை உருட்டிக்கொண்டே தூங்கிப்போவாள். இது கோமதிக்கும் இசக்கிராஜாவுக்கும் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

மாரிக்கனி தலையைக் கதவுப் பக்கமாகத் திருப்பினாள். எதையோ கேட்கிற மாதிரி இருந்தது. அவள் உதடு அசைந்தது. ஏதோ ஒரு சின்னச் சொல். சிரித்தாளா, அழப்போனாளா? கண்ணாடியில் கோமதியின் மூச்சே படிந்து மறைத்தது. அவள் யூனிபாரத்தின் கையால் அவசர அவசரமாகத் துடைத்தாள். துடைத்துப் பார்ப்பதற்குள் மாரிக்கனியின் கண் மூடியிருந்தது, கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்திருந்தது.

"என்ன சொன்னா? என்ன சொன்னா அவ?" என்று கோமதி கத்தினாள்.

"அந்தப் பக்கம் பேசறது இங்க கேக்காதும்மா" என்றார் ஹாஜிரா பானு.

"நிறுத்துங்க. நிறுத்திட்டு எங்கிட்டக் குடுங்க. மிச்சத்த நான் மாட்டிக்கிடுதேன்."

"முடிஞ்சிடுச்சும்மா. அழிஞ்சிடுச்சு."

மாரிக்கனி வெளியே வர வெகுநேரம் ஆனது. வராந்தாவில் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். கோமதி வழியை மறித்தாள். இத்தனை வருஷம் சேர்த்துவைத்த வசவு ஒன்றும் வாயில் வரவில்லை.

"வலிச்சுதா அவளுக்கு?"

மாரிக்கனி விலகிப் போகப் பார்த்தாள்.

"நான் கதவத் தட்டினது கேட்டுச்சா? அம்மான்னாளா? பயந்தாளா? எதையாச்சும் சொல்லு."

"சொல்ல மாட்டேன்" என்றாள் மாரிக்கனி.

"ஏட்டி!"

"மூணு பேரு செஞ்சத எந் தலையில மட்டும் வச்சிய. அவரு அழுதாரு, அதனால விட்டுட்டிய. நான் அழுதா அடுத்த கட்டில்ல கிடக்கிற பிள்ளைக்கு யாரு ஊசி போடுவா? அத நீங்க யோசிக்கல. சரி, போவட்டும். உங்களையே மாட்டிக்கிடச் சொன்னேம்லா? கேட்டியளா?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "நல்லதா இருந்தாலும் சொல்ல மாட்டேன், கெட்டதா இருந்தாலும் சொல்ல மாட்டேன். நீங்களா எனக்குக் குடுத்தது. இனி அது என்னோடது."

கோமதி அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள், காலைப் பிடித்தாள், மண்ணை வாரித் தூற்றினாள். போலீஸ்காரம்மா வந்து பிரித்துவிட்டாள்.

ஹாஜிரா பானுவிடம் கேட்டதற்கு, "மாட்டினவங்க வாயைத் திறக்கணும்னு சட்டத்துல இல்லம்மா" என்று சொல்லிவிட்டார்.

அதற்கு அப்புறம் மாரிக்கனியை எந்த ஆஸ்பத்திரியும் சேர்க்கவில்லை. சொந்த ஊருக்குப் போய், டவுனில் ஒரு முதியோர் இல்லத்துக்குத் தினமும் வேலைக்கு வந்து போனாள். டாக்டர் விஷ்வேஷ் அதே ஆஸ்பத்திரியில் தலைமை டாக்டர் ஆனார். கோமதி டிப்போவில் கேட்டு, மாரிக்கனி ஊர் வழியாகப் போகிற பஸ்ஸுக்கு டூட்டியை மாற்றிக்கொண்டாள். குண்டும் குழியுமான ரோடு, யாரும் விரும்பிக் கேட்காத ரூட். கோமதிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று டிப்போவில் பேசிக்கொண்டார்கள்.

காலையில் மாரிக்கனி ஏறுவாள், ஜன்னலோரம் உட்காருவாள். கோமதி பக்கத்தில் போய் நிற்பாள். "சொல்லுதியா?" மாரிக்கனி டிக்கெட்டுக்குக் கையை நீட்டுவாள். சாயங்காலமும் அதேதான். கோமதி கெஞ்சினாள். கெஞ்சி அலுத்துப்போய், நீ நாசமாப் போவே என்று சபித்தாள். மறுநாள் நெத்திலிக் குழம்பு வைத்துத் தூக்குவாளியில் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். மாரிக்கனி தூக்குவாளியை அப்படியே திருப்பிக் கொடுத்தாள். ஒரு நாள் கோமதி, "முழுசாச் சொல்ல வேண்டாம். என்னயக் கூப்பிட்டாளா, அத மட்டும் சொல்லு, ஆமா இல்லன்னு தலைய ஆட்டினாப் போதும்" என்றாள். மாரிக்கனி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். திருப்பியதற்கு ஆமாம் என்று அர்த்தமா, சொல்ல முடியாத அளவுக்குக் கொடுமை என்று அர்த்தமா என்று கோமதி மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாள். ஒரு வேளை இரக்கப்பட்டுத்தான் மறைக்கிறாளோ? அப்படி நினைத்த அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இல்லை, வேண்டுமென்றே வஞ்சம் வைத்து வதைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டால் கொஞ்சம் தெம்பு வந்தது. வஞ்சம் கோமதிக்குப் பழகின விஷயம்.

பிறகு ஒரு நாள் மாரிக்கனி வரவில்லை. மறுநாளும் இல்லை. ஸ்டாப்பில் நின்ற ஒரு பெரியவரிடம் கோமதி ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"யாரு, நர்ஸ் பிள்ளையா? காய்ச்சல்லா. நினைவு தப்பிக் கிடக்காம். ஒத்தையில கிடக்கா, பாக்க யாரு இருக்கா?"

மாரிக்கனி செத்தால் மெழுகுவர்த்தி கொளுத்தி ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுப்பேன் என்று ஒரு காலத்தில் சொன்னவள் கோமதி. இப்போது அவசரப் பொத்தானை ஓங்கி அடித்துப் பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்தினாள். பஸ், தாமதத்துக்குக் காரணம் சொல்லுங்கள் என்று தன் அழகான குரலில் கேட்டது. "உன் வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு இறங்கி, பெரியவர் கைகாட்டிய வீட்டுக்கு ஓடினாள். உள்ளே பிரயாணிகள் கூப்பாடு போட்டார்கள்.

வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. மாரிக்கனி பாயில் சுருண்டு கிடந்தாள், உடம்பு அனலாகக் கொதித்தது. கோமதி அவள் கன்னத்தில் தட்டினாள். மாரிக்கனி பாதிக் கண்ணைத் திறந்து, "கேக்காதிய" என்று முனகினாள்.

"கேக்கல. எவ கேட்டா? முதல்ல எந்திரி. செத்துக்கித்துத் தொலைச்சிராதட்டி, உன்ன விடமாட்டேன்."

அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கி, தோளில் சாத்தி, இழுக்காத குறையாகப் பஸ்ஸுக்குக் கொண்டுவந்தாள். கூப்பாடு போட்டவர்களில் இரண்டு பேர் இறங்கிக் கை கொடுத்தார்கள். கடைசி சீட்டில் படுக்கவைத்து, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸை எந்த ஸ்டாப்பிலும் நிற்கவிடாமல் நேராக டவுன் ஆஸ்பத்திரிக்கு விரட்டினாள். மெமோ வரும் என்று தெரியும், வரட்டும். வழியெல்லாம் மாரிக்கனியின் மூக்குக்கு நேரே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். இவள் தலைக்குள்ளேதான் இருக்கிறது, எல்லாம் இந்தத் தலைக்குள்ளேதான் இருக்கிறது என்று நினைத்து, பள்ளத்தில் பஸ் குதிக்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் அந்தத் தலையைத் தாங்கிப் பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். என்ன மருந்து, எவ்வளவு, யார் சொன்னது, இன்னொரு தடவை பாருங்கள் என்று கோமதி ஒவ்வொன்றுக்கும் சண்டை பிடித்தாள். வார்டில் இருந்த இளம் நர்ஸுக்குப் பொறுமை போய்விட்டது.

"நீங்க இவங்களுக்கு அக்காவா? கூடப் பிறந்தவங்ககூட இப்படிக் கேக்க மாட்டாங்க."

"அக்காவுமில்ல, தங்கச்சியுமில்ல. இவ மூஞ்சியக் கண்டாலே எனக்கு ஆகாது."

"அப்புறம் எதுக்கு இந்தப் பாடு படுறீங்க?"

கோமதி கட்டிலைப் பார்த்தாள். காய்ச்சல் மயக்கத்தில் மாரிக்கனியின் விரல்கள் போர்வையின் ஓரத்தைப் பிடித்து உருட்டிக்கொண்டிருந்தன.

"எம் பிள்ளை இவகிட்டதான் இருக்கா. இவளுக்கு ஒண்ணும் ஆவக்கூடாது, பாத்துக்கிடுங்க" என்றாள்.

நர்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை, சரிம்மா என்று சொல்லிவிட்டுப் போனாள். கோமதி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த விரல்களைத் தொந்தரவு பண்ணாமல் போர்வையைக் கழுத்துவரை ஏற்றிவிட்டாள்.